ஹெர்மிங் சாரின் பாஸ்வேர்டு

ஹெர்மிங் சார் இறந்து நாற்பதாம் நாள் ஜெபம் ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. திங்கட்கிழமை காலை அலுவலகம் வந்ததும் முதல் வேலையாக அவருடைய கணினிக் கணக்கை மூடினேன். விதிப்படி இறந்த மூன்று நாளில் மூடியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்தில் செத்தவர் நாற்பது நாள் பழகிய இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் இருப்பார் என்பார்கள். அதற்குள் அவர் பெயரை அழிப்பது, ஆள் உள்ளே இருக்கும்போதே கதவைப் பூட்டுகிற மாதிரி. தள்ளிப்போட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு, சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நாற்பது நாளும் வேலை நாள் தவறாமல் காலை ஏழு ஐம்பதுக்கு என் திரையில் ஒரு வரி வந்தது: ஹெர்மீனியோ சால்செடோ உள்ளே நுழைந்தார். ஹெர்மிங் சாரின் முழுப்பெயர் அது. முதல் நாள் பார்த்தபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. இருபத்தாறு வருஷம் ஏழு ஐம்பதுக்கு வந்த மனிதர். கணினிப் பிரிவு ஆள் என்று பெயர் வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருக்க வேண்டும்? எந்த இயந்திரத்திலிருந்து, யார் என்று பார்த்திருக்க வேண்டும். நான் மாதா கோவிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினேன். அடுத்த வாரமும் ஏற்றினேன்.

கணக்கை மூடிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டேன். கால் மணி நேரத்தில் போன். மாடியிலிருந்து மாரிவிக்.

"சார், பைத்தான் திறக்க மாட்டேங்குது." ப்ரோகிராம் எழுதி ஓட்டுகிற மென்பொருள் அது.

"உன் பேர்ல பைத்தானே கிடையாதேம்மா. இல்லாததை எப்படித் திறப்பே?"

குரலைத் தணித்துச் சொன்னாள்: "கொஞ்சம் மேல வரீங்களா சார்? போன்ல வேணாம்."

முனகிக்கொண்டே ஏறினேன். எங்கள் மாகாண வெள்ள எச்சரிக்கை அலுவலகத்தில் கணினிப் பிரிவு என்றால் டெல்ஃபின் காபயா, அதாவது நான், ஒரே ஆள். பிரிண்டர் ஓடாவிட்டாலும் நான், மின்விசிறி ஓடாவிட்டாலும் நான். ஐம்பத்து மூன்று வயதில் எனக்குப் பொறுமை கொஞ்சம்தான் மிச்சம். அதைப் பெரிய அதிகாரிகளுக்கென்று எடுத்து வைத்திருந்தேன்.

மாரிவிக் ஒப்பந்த ஊழியர். எட்டு வருஷமாக, ஆறு மாதத்துக்கு ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு ஆற்றின் நீர்மட்டக் கணக்குப் பார்க்கிறவள். ஒப்பந்த ஆட்களுக்கு விடுப்பு கிடையாது. பிள்ளை பெற்ற பதினோராம் நாள் வேலைக்கு வந்தாள். அதை அவள் சொல்லவில்லை, ஹெர்மிங் சார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு அவள் ஹெர்மிங் சாரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"கோவப்படாதீங்க சார்," என்றாள். "நாலு வருஷமா நான் அவர் பேர்லதான் உள்ள போய் வேலை பாக்கறேன்."

"இந்த நாற்பது நாளும்?"

"ஆமா சார். மேல்பக்கத்து அளவுமானி தினம் பாக்கணுமே. விட்டா ஆத்து நிலவரம் யாருக்குத் தெரியும்?"

"அடிப்பாவி! நான் ஆவின்னு நெனச்சு மெழுகுவத்தி ஏத்திட்டிருந்தேன்!"

சிரிக்கப் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை. "என் பேர்ல பைத்தான் ஏறவே இல்ல சார். உங்களுக்குச் சீட்டு எழுதினேன். நீங்க வரல. ஹெர்மிங் சார் பாவம் பாத்து, 'என் பாஸ்வேர்டை வெச்சுக்கோ, டெல்ஃபின் வர்ற வரைக்கும்'னார்."

"எத்தனை சீட்டு எழுதினே?"

"ஏழு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நான் என்றைக்குத் தப்பை உடனே ஒத்துக்கொண்டேன்? "சரி சரி, நகரு. என்ன தப்பு பண்றேன்னு பாக்கறேன்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

எங்கள் அலுவலகத்துக் கணினிகள் எல்லாவற்றையும் அணைத்துத் திறந்தால் பழையபடி ஆகிவிடும். நேற்று எதை ஏற்றினாலும் இன்று இருக்காது. நான் இண்டர்நெட் கடை நடத்திய காலத்தில் பழகிய வித்தை அது. பையன்கள் எந்தக் குப்பையை இறக்கினாலும் மறுநாள் கடை சுத்தமாக இருக்கும். அரசு வேலைக்கு வந்த பிறகும் அதையே செய்துவைத்தேன். ஆகவே பைத்தான் மாதிரி நிரந்தரமாக இருக்க வேண்டியதை அவரவருக்குச் சர்வரில் ஒதுக்கிய ஃபோல்டரில்தான் ஏற்ற வேண்டும். அதற்கு நானே ஒரு சின்னக் கோப்பு எழுதி எல்லார் ஃபோல்டரிலும் போட்டுவைத்தேன். இரண்டு தடவை கிளிக் செய்தால் கறுப்புத் திரை வரும், தானாக ஓடும், முடியும்.

மாரிவிக்கின் பெயரில் நுழைந்து கிளிக் செய்தேன். கறுப்புத் திரை கண் சிமிட்டும் நேரம் வந்து மறைந்தது. ஒன்றும் ஏறவில்லை.

"இப்படித்தான் சார். எப்பவும்."

இடம் போதவில்லையோ என்று பார்த்தேன்; தாராளமாக இருந்தது. ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லையோ? சும்மா ஒரு கோப்பு செய்து சேமித்தேன்; சேமித்தது. வைரஸ் தடுப்பை நிறுத்திப் பார்த்தேன். பைத்தானையே புதிதாக இறக்கிப் பார்த்தேன். அதே கறுப்புத் திரை, அதே சிமிட்டல். என் பெயரில் நுழைந்து அதே இயந்திரத்தில் செய்தேன், சமர்த்தாக ஏறியது. எதிர் மேஜை ஒப்பந்தப் பையனின் பெயரில் செய்தேன், ஏறவில்லை. அப்போதுதான் தப்பு அவளுடையது இல்லையோ என்று தோன்ற ஆரம்பித்தது.

கடைசியில் என் போனை எடுத்து அந்தக் கறுப்புத் திரையைப் படம் பிடித்தேன். பிறகு வீடியோவை ஒவ்வொரு காட்சியாக நிறுத்திப் பார்த்தேன். இரண்டு வரி இருந்தது. இந்த மாதிரி முகவரியில் நான் நின்று வேலை செய்ய முடியாது, அதனால் விண்டோஸ் ஃபோல்டருக்குப் போகிறேன் என்றது முதல் வரி. அங்கே எழுத உனக்கு அனுமதி இல்லை என்றது இரண்டாவது.

விஷயம் இவ்வளவுதான். நிரந்தர ஊழியர்கள் உள்ளே நுழைந்தால் அவர்கள் ஃபோல்டருக்கு 'யு' என்று ஒரு டிரைவ் எழுத்து தானாக வந்துவிடும், வீட்டுக்கு ஒரு கதவு எண் மாதிரி. ஒப்பந்த ஆட்களுக்கு எழுத்து கிடையாது. சர்வரின் பெயரில் தொடங்கும் நீள முகவரி வழியாகத்தான் போக வேண்டும். சாதாரணக் கோப்புகளுக்கு அது போதும். கறுப்புத் திரைக்குப் போதாது. ஏன் அவர்களுக்கு எழுத்து இல்லை? ஆறு மாதத்துக்கொருமுறை மாறுகிற ஆட்களுக்கு எதற்கு என்று நான்தான் விட்டுவிட்டேன். யாரும் மாறவில்லை. எட்டு வருஷமாக அதே ஆட்கள்தான்.

ஒரே ஒரு வரி தட்டினேன். அவள் ஃபோல்டருக்கு 'எம்' என்று எழுத்துக் கொடுத்தேன். கிளிக் செய்தேன். கறுப்புத் திரை வந்தது, நின்றது, வரிகள் ஓடின, பைத்தான் ஏறிவிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். காரணம் தெரிந்த பிறகு நாலு நிமிஷ வேலை.

மாரிவிக் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான்."

அவள் அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அழவில்லை. "தேங்க் யூ சார்" என்று சொல்லிவிட்டு அளவுமானிக் கணக்கைத் திறந்தாள்.

கீழே வந்து பழைய பிஸ்கட் டின்னைக் குடைந்தேன். ஏழு சீட்டும் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் என் கையெழுத்து. 'பயனர் தவறு.' 'தகுதி இல்லை.' 'மறுபடி முயலவும்.' ஆறாவதில் அவள் எழுதியிருந்தாள்: 'சார், ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும்.' அதற்கு நான் போட்டிருந்த பதில் ஒரு டிக் மட்டும். மதியம் வாங்கி வைத்திருந்த பஞ்சித் நூடுல்ஸ் அப்படியே ஆறிப்போனது. சாப்பாடு இறங்காத ஆள் இல்லை நான்.

இதெல்லாம் சாதாரண வாரத்தில் நடந்திருந்தால் ஒரு மன்னிப்போடு போயிருக்கும். ஆனால் வியாழக்கிழமை நேர்காணல். ஹெர்மிங் சார் போனதால் அவருடைய நிரந்தரப் பணியிடம் காலியாகியிருந்தது, மாரிவிக் விண்ணப்பித்திருந்தாள். அந்த மாதிரி இடம் பத்து வருஷத்துக்கு ஒன்று திறக்கும். அவளுக்கு முப்பத்தைந்து வயது தாண்டியாயிற்று. தேர்வுக்குழு கேட்பது ஒன்றுதான்: நீயே செய்த வேலை ஒன்றைக் காட்டு.

அவள் செய்த வேலை ஊருக்கே தெரியும். போன வருஷப் புயலில் ஆற்று வெள்ளம் பாலத்தைத் தொடுவதற்கு ஆறு மணி நேரம் முன்பே சொன்ன ப்ரோகிராம். அதைக் கேட்டுத்தான் கீழ்க்கரைப் பேட்டைக்காரர்கள் பன்றிக்குட்டிகளோடு பள்ளிக்கூடத்துக்கு ஏறினார்கள், ஒருவரும் சாகவில்லை. ஆனால் அதற்கு ஊர் வைத்த பெயர் ஹெர்மிங் சார் ப்ரோகிராம். கோப்பு அவர் கணக்கில், பெயர் அவர் பெயர், ஓடுவது அவர் மேஜையில். மனுஷன் நல்லவர், எல்லாரிடமும் சொன்னார். "நான் இல்லப்பா, மாரிவிக்தான்" என்பார். எங்கள் தலைவி எஞ்சினியர் டிவினா சிரித்துவிட்டு, "எவ்வளவு தன்னடக்கம் பாருங்க" என்பார். சிறுநீரகம் போய் வாரத்தில் இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்க ஊசியோடு படுத்திருந்தவர், அதற்கு மேல் யாரோடு சண்டை போடுவார்?

இறந்த பிறகு அது இன்னும் கெட்டியானது. நாற்பதாம் நாள் விருந்தில் அவர் மனைவி மனாங் லெட்டி (எங்கள் பேச்சில் மனாங் என்றால் அக்கா) வந்தவர்களிடமெல்லாம் அது தன் கணவர் செய்த ப்ரோகிராம் என்றுதான் சொன்னார். அடுத்த மாதம் ஆளுநர் கையால் ஹெர்மிங் சார் பெயரில் ஒரு பட்டயம் தருவதாக இருந்தது. மனாங் சுவரில் ஆணிகூட அடித்து வைத்திருந்தார்.

திங்கள் மாலை மாரிவிக்கைப் படிக்கட்டில் மடக்கினேன்.

"வியாழக்கிழமை அந்த ப்ரோகிராமைக் காட்டு. நீ எழுதினதுன்னு சொல்லு. நான் சாட்சி."

"வேணாம் சார். நான் மழையளவுப் பட்டியலைக் காட்டறேன். சின்னதுதான். ஆனா காகிதத்துல என் பேர் இருக்கு."

"அதைக் காட்டினா கெடைக்குமா?"

"பாதிக்குப் பாதி கெடைக்கலாம் சார். எஞ்சினியருக்கு என் மேல நல்ல அபிப்பிராயம்தான். எனக்குப் பாதி போதும்." கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "இதை விட்டுருங்க சார். ப்ளீஸ்."

விட்டுருங்க என்று அவள் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது. வெட்கப்படுகிறாள், மனாங் லெட்டிக்காகப் பார்க்கிறாள் என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். ஏழு சீட்டும் என்னைக் குடைந்துகொண்டிருந்தன. யாராவது எனக்கு ஒரு தண்டனையோ ஒரு வேலையோ கொடுத்தால்தான் ஆறும் போலிருந்தது. வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

செவ்வாயும் புதனும் வேறெதையும் தொடவில்லை. நாலு வருஷத்து நுழைவுப் பதிவுகளை சர்வரிலிருந்து எடுத்தேன். ஹெர்மிங் சாரின் மருத்துவ விடுப்புத் தாள்களை வாங்கி வந்து தேதிக்குத் தேதி ஒட்டிப் பார்த்தேன். அவர் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்த இருநூற்றுப் பதினோரு நாள்களில் அவர் பெயரில் இங்கே யாரோ வேலை செய்திருக்கிறார்கள். ப்ரோகிராமின் பெரும்பகுதி அந்த நாள்களில் எழுதியது. அவர் செத்த பிறகும் நாற்பது நாள் திருத்தியிருக்கிறார்கள். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? 'இதை எழுதியவர் மாரிவிக்தான் எனச் சான்றளிக்கிறேன்' என்று கீழே கையெழுத்திட்டு முத்திரை குத்தினேன். என் இருபது வருஷ வேலையில் அவ்வளவு ஒழுங்காக நான் எதையும் செய்ததில்லை. புதன் மாலை தேர்வுக்குழுவின் பெட்டியில் போட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சந்தோஷமாக அதிர்ச்சி அடையட்டும் என்று இருந்தேன். என் முகரக்கட்டை.

வியாழன் காலை பத்து மணிக்கு எஞ்சினியர் டிவினா என்னைக் கூப்பிட்டார். வெளியே பெஞ்சில் மாரிவிக், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், மடியில் மழையளவுப் பட்டியலோடு. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

உள்ளே என் சான்றிதழ் மேஜை மேல் கிடந்தது.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா மேடம். அவதான் எழுதினா. தேதியோட இருக்கு."

"இருக்கு. அதே தேதியில இன்னொருத்தர் பாஸ்வேர்டை வெச்சு நாலு வருஷம் அரசாங்க சர்வருக்குள்ள வந்திருக்காங்கறதும் இருக்கு. செத்துப்போனவர் பேர்ல வேற." கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கணினி விதிமுறை யாரு எழுதினது, டெல்ஃபின்?"

நான்தான். வேறொரு அலுவலகத்து விதிகளை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிச் சமர்ப்பித்தது. அடுத்தவர் பாஸ்வேர்டைப் பயன்படுத்தினால் நிரந்தர ஊழியருக்குக் கண்டனக் கடிதம். ஒப்பந்த ஊழியருக்கு ஒப்பந்தம் ரத்து, மறுபடி எடுக்கக் கூடாது. அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பியவன் நான்.

"தப்பு என்னோடது மேடம். ஏழு சீட்டு எழுதியிருக்கா. ஒரு தடவைகூட நான் போகல. சீட்டெல்லாம் கொண்டு வர்றேன்."

"உங்க தப்புக்கு இந்த விதியில இடம் இல்ல. இருந்தா உங்களுக்கு இன்னிக்கே தண்டனை போட்டிருப்பேன்." கழற்றிய கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "எனக்கு அரசல்புரசலா தெரியும்யா. தெரியாத மாதிரி இருந்தேன். மழையளவுப் பட்டியலைக் காட்டட்டும், குடுத்துரலாம்னுதான் இருந்தேன். முத்திரையோட வந்த காகிதத்தை இப்போ நான் எங்க கொண்டு ஒளிக்கிறது? குழுவுல மூணு பேர் படிச்சாச்சு."

வெளியே வந்தபோது மாரிவிக்கை உள்ளே அழைத்தார்கள். அவள் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு போனாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் திராணியில்லை. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, திரும்பி வந்துவிட்டாள். நேராகத் தன் மேஜைக்குப் போய், பதினோரு மணி அளவை வாங்கிக் கணக்கில் ஏற்றினாள்.

பட்டயமும் நின்றுபோனது. சர்ச்சையில் உள்ள வேலைக்கு ஆளுநர் கையெழுத்துப் போட மாட்டாராம். சனிக்கிழமை நான் மனாங் லெட்டியின் வீட்டுக்குப் போனேன். கதவருகிலேயே நிற்க வைத்துப் பேசினார்.

"அவர் தினம் சொன்னாரு, அந்தப் பொண்ணு செஞ்சதுன்னு. நான்தான் நம்பல. சீக்காளி மனுஷன், தன்னைத் தாழ்த்திப் பேசறாருன்னு நெனச்சேன்."

"மனாங், நான் அவரைக் கெடுக்கணும்னு—"

"தெரியும். நீ நல்லது பண்ணத்தான் போனே." அவர் என் தோளுக்கு மேலே தெருவைப் பார்த்தார். "அந்தப் பொண்ணுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. போய்ட்டு வா, டெல்ஃபின்."

விதிப்படி ஜூன் கடைசியோடு மாரிவிக்கின் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். எங்கள் அலுவலகத்திலிருந்து யார் விலகினாலும் பாக்கியில்லை என்று ஒவ்வொரு பிரிவிலும் கையெழுத்து வாங்க வேண்டும். அது இல்லாமல் கடைசிச் சம்பளம் வராது. எட்டுக் கையெழுத்து. என்னுடையது எட்டாவது. மத்தியானம் மூன்று மணிக்கு அந்தத் தாளோடு என் அறைக்கு வந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

"உக்காரும்மா."

"இல்ல சார், குழந்தையைக் கூட்டிட்டு வரணும்." ஆனாலும் உடனே தாளை நீட்டவில்லை. "ஒண்ணு சொல்லணும், எழுதிக்கோங்க. மேல்பக்கத்து அளவுமானி கனமழைக்கப்புறம் ஒரு சாண் கூடுதலாக் காட்டும். சேறு அடைச்சுக்கும். நான் கையால கழிச்சுத்தான் போடுவேன். ப்ரோகிராம்ல அது இல்ல. பாத்து வெச்சுருந்தேன், சேக்கறதுக்குள்ள..."

எழுதிக்கொண்டேன். எவ்வளவு கழிக்க வேண்டும், எத்தனை மணி நேரம் வரைக்கும், எந்த மாதங்களில் என்று நிதானமாகச் சொன்னாள். நான் இரண்டு தடவை திருப்பிக் கேட்டேன். இரண்டு தடவையும் சலிக்காமல் சொன்னாள். அவளைத் துரத்திய அலுவலகத்துக்கு அவ்வளவு பொறுமையை அவள் ஏன் செலவழிக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பேனாவைக் கீழே போட்டேன்.

"மாரிவிக், என்னை மன்னிச்சுரும்மா. நான் உனக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான்..."

"எஞ்சினியரும் மன்னிப்புக் கேட்டாங்க சார். மனாங் லெட்டி என் வீட்டுக்கே வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஹெர்மிங் சாரும் சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஆஸ்பத்திரியில கேட்டார்." குரலை உயர்த்தவே இல்லை. "எல்லாரும் அப்புறமா வந்து மன்னிப்புக் கேக்கறீங்க. முன்னாடி வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார். என்ன வேணும்னு. நான் சொல்லியிருப்பேன்."

கீழே போட்ட பேனாவை எடுத்தேன்.

அவள் தாளை மேஜை மேல் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். நான் போட்டேன். மை காயட்டும் என்று ஊதிவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். குடையை விரித்து வாசல்படியில் ஒரு நிமிஷம் நின்று மழை எவ்வளவு பெய்கிறது என்று பார்த்தாள். பிறகு இறங்கிப் போனாள்.